மாரிஸ் பிஷப்பும் நம்ம ஊரு குண்டாஸும்

கிரெனடான்னு ஒரு நாடு இருக்கு. கரீபியன் கடல்ல வெனிசுவேலாவுக்கு வடக்க, ஜாதிக்காய்க்குப் பேர் போன தீவு, தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கும். மொத்தமே 344 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை ஒண்ணேகால் லட்சத்துக்கும் கம்மி. நம்ம திருநெல்வேலி மாநகராட்சியில மட்டும் 2011 சென்சஸ்படி நாலே முக்கால் லட்சம் கிட்ட இருக்கோம்னா பாத்துக்கோங்க. அந்தக் குட்டித் தீவுல 1983 அக்டோபர் 19-ஆம் தேதி நடந்ததைப் பத்தி கோர்ட்டு வட்டாரத்துல யார்கிட்டயாவது பேசினா "அமெரிக்காக்காரன் போய் அடிச்சானே அந்த ஊருதானே"ன்னு அதோட முடிச்சுருதாங்க. அமெரிக்கா அடிச்சது அதுக்கு ஆறு நாள் கழிச்சு. அதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள, அந்த நாட்டுப் பிரதமர் மாரிஸ் பிஷப்புக்கு நடந்ததுதான் எனக்கு முக்கியம், ஏன்னா வக்கீலா நான் தினமும் பாக்குற குண்டாஸ் கேஸுங்களுக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

முதல்ல எரிக் கெய்ரி, பிஷப்புக்கு முன்னாடி நாட்டை ஆண்டவரு. எஸ்டேட் கூலித் தொழிலாளிகளுக்காக 1951-ல பெரிய ஸ்டிரைக் நடத்தி மேல வந்த ஆளு, அன்னைக்கு ஏழை ஜனம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு, அதுல தப்பே இல்ல, நிஜமாவே கூலி வாங்கிக் கொடுத்தாரு. அப்புறம் அதிகாரம் வந்துச்சு. போலீஸ் பத்தாதுன்னு தனியா ஒரு அடியாள் படையும் வச்சுக்கிட்டாரு, மங்கூஸ் கேங்னு ஜனங்க அதுக்குப் பேர் வச்சாங்க. 1973 நவம்பர் 18, ஞாயித்துக்கிழமை, கிரென்வில் ஊருக்கு கூட்டம் போட வந்த எதிர்க்கட்சிப் பசங்க ஆறு பேரைப் புடிச்சு அடி நொறுக்கிட்டாங்க, உடைஞ்ச பாட்டிலை வச்சு தலையை மழிச்சாங்க, ஜாமீன் கூட கொடுக்காம ராத்திரி பூரா ரத்தத்தோட லாக்கப்புல போட்டு வச்சாங்க. அந்த ஆறு பேர்ல ஒருத்தர் மாரிஸ் பிஷப், தாடை உடைஞ்சு போச்சு. லண்டன்ல சட்டம் படிச்ச வக்கீல், 1970-ல போராடுன நர்சுங்களுக்காக வாதாடுனவரு. ரெண்டு மாசம் கழிச்சு 1974 ஜனவரி 21-ல தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ்ல ஊர்வலம், அடி தாங்காம பொம்பளைங்களும் புள்ளைங்களும் ஒரு கட்டடத்துக்குள்ள ஓடி ஒளிய, வாசல்ல நின்னு மறிச்ச பிஷப்போட அப்பா ரூபர்ட்டைச் சுட்டுக் கொன்னாங்க. விசாரிக்க ஜமைக்காவுல தலைமை நீதிபதியா இருந்த டஃபஸ் தலைமையில கமிஷன் போட்டாங்க, போலீஸ் செஞ்சது அக்கிரமம்னு கமிஷனும் சொல்லுச்சு, கெய்ரி அதைத் தூக்கி ஒரு ஓரமா வச்சுட்டாரு. 1974 பிப்ரவரி 7-ல நாட்டுக்கு சுதந்திரமே இந்த ரத்தத்தோடதான் வந்துச்சு.

கமிஷன் அறிக்கைக்கு என்ன ஆகும்னு நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம். 1999 ஜூலை 23, மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளிங்க கூலி உயர்வு கேட்டும் ஜெயில்ல இருக்குற சக தொழிலாளிகளை விடச் சொல்லியும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமா வந்தாங்க, கொக்கிரகுளத்துல தடியடி, தப்பிக்க வழியில்லாம தாமிரபரணியில இறங்குனாங்க, இறங்குனவங்களையும் விடல, பதினேழு பேரு செத்தாங்க, அதுல கைக்குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் கமிஷன் வந்துச்சு, அறிக்கை வந்துச்சு, போலீஸ்ல யாரும் ஜெயிலுக்குப் போகல. வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு ஒவ்வொரு கட்சியா கொடியோட வந்து ஆத்துல பூ போட்டுட்டு போறாங்க, ஒரு கட்சி ஏறினதும் அடுத்த கட்சி இறங்கும், மேல ரோட்டுல போலீஸ் வண்டி நிக்கும்.

சரி, கிரெனடாவுக்கு வாரேன். 1979 மார்ச் 13, கெய்ரி வெளிநாடு போயிருக்குற நேரம், விடியக்காலையில பிஷப்போட நியூ ஜூவல் இயக்கம் ட்ரூ ப்ளூ ராணுவ முகாமைப் புடிச்சுது, அப்புறம் ரேடியோ ஸ்டேஷன், பொழுது சாயறதுக்குள்ள ஆட்சி கையில வந்துருச்சு. ஜனங்க தெருவுல ஆடிப் பாடுனாங்க. (மார்ச் 13-ன்னா நமக்கும் ஒரு கணக்கு உண்டு, 1908-ல வ.உ.சி.யையும் சிவாவையும் உள்ள போட்ட மறுநாள் திருநெல்வேலி கொந்தளிச்ச தேதி அதுதான், நாலு பேரைச் சுட்டுக் கொன்னானுவ.) பிஷப் ஆட்சி செஞ்ச நல்லதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். செகண்டரி ஸ்கூல் ஃபீஸை எடுத்தாங்க, புள்ளைங்களுக்குப் பால் கொடுத்தாங்க, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு ராத்திரி வகுப்பு, பேறுகால லீவுக்கு சம்பளத்தோட சட்டம், யூனியனை முதலாளி அங்கீகரிச்சே ஆகணும்னு சட்டம், கியூபாவுல இருந்து டாக்டருங்க. நாலரை வருஷத்துல இவ்வளவு செஞ்ச சின்ன நாடு எத்தனை இருக்கும்.

ஆனா அதே மார்ச் மாசத்துலயே அரசியல் சட்டத்தை நிறுத்தி வச்சாங்க. சீக்கிரம் தேர்தல்னு சொன்னாங்க, கடைசி வரைக்கும் நடக்கல. டார்ச்லைட்னு ஒரு பேப்பர், அதே வருஷம் அக்டோபர்ல மூடிட்டாங்க. 1981-ல இருபத்தாறு பேரு கையெழுத்துப் போட்டு புதுசா ஒரு பேப்பர் கொண்டு வந்தாங்க, அதையும் நிறுத்தியாச்சு. விசாரணையே இல்லாம ஆளைப் புடிச்சு ரிச்மண்ட் ஹில் ஜெயில்ல வைக்கச் சட்டம் போட்டாங்க, ஆட்கொணர்வு மனு, அதாவது புடிச்சு வச்ச ஆளைக் கோர்ட்டு முன்னால கொண்டு வரச் சொல்லிக் கேக்குற மனு, அதைப் போட்டு வெளிய எடுக்க முடியாது. நிஜமாவே ஆபத்து இருந்துச்சு, அதையும் சொல்லிருதேன். 1980 ஜூன் 19-ல பிஷப் பேசுன கூட்டத்துல மேடைக்கு அடியில குண்டு வெடிச்சு மூணு இளம்பொண்ணுங்க செத்துப் போனாங்க, அமெரிக்கா வேற வெளிப்படையா மிரட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆனா புடிச்சு வச்சவங்க எல்லாருமா குண்டு வச்சவங்க? பேப்பர் நடத்துனவனும் அதே ஜெயில்லதான் இருந்தான்.

இன்னொண்ணும் செஞ்சாங்க. கிரெனடாவுல கேஸுக்குக் கடைசி அப்பீல் லண்டன்ல இருக்குற பிரிவி கவுன்சிலுக்குப் போகும். வெள்ளைக்காரன் கோர்ட்டு நமக்கு எதுக்குன்னு அதை வெட்டி விட்டாங்க, அந்த வட்டாரத் தீவுகளுக்கெல்லாம் பொதுவா இருந்த கோர்ட்டுல இருந்தும் விலகி சொந்தமா ஒரு சுப்ரீம் கோர்ட் வச்சுக்கிட்டாங்க. இந்த உணர்ச்சி எனக்குப் புரியுது. கமுதி கோயிலுக்குள்ள நாடார்கள் போகக் கூடாதுன்னு 1908-ல கடைசித் தீர்ப்பு சொன்னதே அதே பிரிவி கவுன்சில்தானே, கமுதி எந்தத் திசையில இருக்குன்னே தெரியாதவங்க. இந்தியா 1949-ல அதோட கணக்கை முடிச்சது சரிதான். ஆனா நாம முடிச்சப்போ அந்த இடத்துல உக்கார ஒரு கோர்ட்டு இருந்துச்சு, அரசாங்கத்தைப் பாத்து இல்லன்னு சொல்றதுக்கு அதுக்கு அதிகாரம் கொடுத்தோம். கிரெனடாவுல மேல இருந்த கோர்ட்டை எடுத்தாங்க, அரசியல் சட்டத்தையும் எடுத்தாங்க, மிச்சம் இருந்தது கட்சி.

கட்சிக்குள்ள சண்டை வந்துச்சு. பிஷப்பும் துணைப் பிரதமர் பெர்னார்ட் கோர்டும் சேர்ந்து தலைமை தாங்கணும்னு 1983 செப்டம்பர்ல மத்தியக் கமிட்டி முடிவு பண்ணுச்சு, பிஷப் முதல்ல சரின்னாரு, அப்புறம் தயங்கினாரு, அக்டோபர் நடுவுல வீட்டுக் காவல்ல வச்சுட்டாங்க. நாட்டோட பிரதமரை! எந்தச் சட்டத்துல வச்சாங்கன்னு யாரும் கேக்க முடியாது, எந்தக் கோர்ட்டுலயும் மனு போட முடியாது, ஏன்னா அந்த வழியை அடைச்சது பிஷப் கையெழுத்துதான்.

19-ஆம் தேதி ஸ்கூல் பசங்க உட்பட ஆயிரக்கணக்கான ஜனங்க போய் அவரை வெளிய கொண்டு வந்தாங்க. நேரா ஃபோர்ட் ரூபர்ட் கோட்டைக்குப் போனாங்க. அந்தக் கோட்டைக்கு அந்தப் பேரு வச்சதே சுடப்பட்டுச் செத்த அவரோட அப்பா நினைவாத்தான். கவச வண்டிங்க மூணு வந்துச்சு, கூட்டத்தைப் பாத்து சுட ஆரம்பிச்சாங்க, கோட்டை மதில் ரொம்ப உயரம், ஜனங்க அதுல இருந்து குதிச்சாங்க. இதைப் படிக்கும்போது எனக்கு கொக்கிரகுளத்து மதில் சுவரும் அதுக்குக் கீழ தண்ணியும்தான் கண்ணு முன்னால வந்துச்சு, வேற எதுவும் வரல. பிஷப், கல்வி மந்திரியா இருந்த ஜாக்குலின் கிரெஃப்ட், யூனிசன் வைட்மன், இன்னும் அஞ்சு பேரு, மொத்தம் எட்டுப் பேரை கோட்டை முற்றத்துல சுவரோரமா நிக்க வச்சு சுட்டாங்க. அப்புறம் நாலு நாள் நாடு பூரா ஊரடங்கு, வெளிய தலையைக் காட்டினா சுடுவோம்னு ரேடியோவுல அறிவிப்பு. 25-ஆம் தேதி அமெரிக்கா இறங்குச்சு, போற போக்குல மனநல ஆஸ்பத்திரி மேல குண்டு போட்டு நோயாளிகளைக் கொன்னுச்சு, ஐ.நா. பொதுச்சபை 108-க்கு 9-ன்னு அந்தப் படையெடுப்பைக் கண்டிச்சுது, அமெரிக்கா அதைக் கண்டுக்கவே இல்ல.

கோர்டு, அவர் சம்சாரம் ஃபிலிஸ், ராணுவ அதிகாரிங்கன்னு மொத்தம் பதினேழு பேருக்குத் தண்டனை வந்துச்சு, 1986 டிசம்பர்ல பதினாலு பேருக்குத் தூக்கு. அவங்களை விசாரிச்சது எந்தக் கோர்ட்டுன்னு நினைக்கீங்க? அவங்களே 1979-ல உண்டாக்குன அதே கோர்ட்டு. அரசியல் சட்டம் திரும்ப வந்த பிறகும் அந்தக் கோர்ட்டை மட்டும் அவசரத் தேவைன்னு சொல்லி அப்படியே வச்சுக்கிட்டாங்க. இது செல்லாத கோர்ட்டுன்னு குற்றம் சாட்டப்பட்டவங்க 1985-ல பிரிவி கவுன்சில் கதவைத் தட்டுனாங்க. எங்களுக்கு வர்ற அப்பீலை உங்க அரசாங்கமே சட்டம் போட்டு நிறுத்திருச்சே, நாங்க எப்படி விசாரிக்கிறதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மேல ஏறி நின்னுக்கிட்டு, இனி யாரும் வரக் கூடாதுன்னு ஏணியை உதைச்சுத் தள்ளினவங்க, கீழ இறங்க வேண்டிய நாள்ல அந்த ஏணியைத் தேடுனாங்க. 1991-ல தூக்கு மேடை தயார் பண்ற வரைக்கும் போய் கடைசி நேரத்துல ஆயுள் தண்டனையா மாத்துனாங்க. அந்த விசாரணை நேர்மையா நடக்கலன்னு மனித உரிமை அமைப்பு ஆம்னெஸ்டி 2003-ல பெரிய அறிக்கையே போட்டுச்சு. ஒரு வழியா 2007 பிப்ரவரி 7, அதுவும் கிரெனடாவோட சுதந்திர தினம், பிரிவி கவுன்சில் அந்தத் தூக்குத் தண்டனையே ஆரம்பத்துல இருந்து செல்லாதுன்னு சொல்லி மறுபடி தண்டனை நிர்ணயம் பண்ணச் சொல்லுச்சு. கடைசி ஏழு பேரு 2009 செப்டம்பர்ல வெளிய வந்தாங்க. இருபத்தாறு வருஷம்.

இதை எங்க சீனியருக்கு நண்பர் ஒரு யூனியன் அண்ணாச்சிகிட்ட சொன்னேன், 1999-ல அந்த ஊர்வலத்துல நடந்து வந்தவரு, முதுகுல இப்பவும் தழும்பு இருக்கு. அவரு ஒத்துக்கவே இல்ல. "ஏ தம்பி, பால் கொடுத்தான், பள்ளிக்கூடம் கொடுத்தான், பொம்பளைக்கு சம்பளத்தோட லீவு கொடுத்தான், அதெல்லாம் உரிமை இல்லையாடே? உனக்குப் பேப்பர் நடத்துறவன் உரிமை மட்டுந்தான் உரிமையா? எங்களுக்கு கோர்ட்டு என்ன கிழிச்சுது?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. ஆத்துல அடி வாங்குனவரு கேக்கும்போது சட்டப் புஸ்தகத்தைக் காட்டி வாயடைக்க முடியாது. நான் சொன்னது இவ்வளவுதான், அண்ணாச்சி, அந்தப் பாலையும் பள்ளிக்கூடத்தையும் காப்பாத்தணும்னாலே ஒரு வழி வேணும்லா, பிஷப்பைப் புடிச்ச அன்னைக்கு அவரை நேசிச்ச ஜனத்துக்கு கோட்டைக்கு ஓடுறதைத் தவிர வேற வழி இல்லாமப் போச்சே, ஒரு மனு, ஒரு ஓட்டு, ஒரு பேப்பர் இருந்திருந்தா அந்தப் புள்ளைங்க கவச வண்டி முன்னால போய் நின்னிருக்க வேண்டாமே. "நீ வக்கீலு, நீ அப்படித்தான் பேசுவ"ன்னுட்டு டீ கிளாஸை வச்சுட்டுப் போயிட்டாரு. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல.

எனக்குக் கோவம் நம்ம எல்லார் மேலயும்தான், குண்டாஸ் விஷயத்துல. 1982-ஆம் வருஷத்து 14-ஆம் நம்பர் சட்டம், நம்ம தமிழ்நாட்டுச் சட்டம். சிட்டிக்குள்ளன்னா கமிஷனர், வெளியன்னா கலெக்டர், ஒரு ஆர்டர் போட்டா போதும், விசாரணை இல்லாம ஒரு வருஷம் உள்ள. ஆலோசனைக் குழுமம்னு ஒண்ணு பாக்கும், அங்க வக்கீல் வச்சுப் பேச உரிமை கிடையாது. வாரம் தவறாம பேப்பர்ல "குண்டர் சட்டத்தில் பாளையங்கோட்டை சிறையில் அடைப்பு"ன்னு ஃபோட்டோவோட வரும், டீக்கடையில அதை வாசிச்சுட்டு "நல்லாப் போடு, அப்பத்தான் அடங்குவானுவ"ன்னு சொல்லாத ஆளு கம்மி. சாதிச் சண்டையில வெட்டுக்குத்துன்னு போற ஊருல ஜனம் பயந்து போய்க் கிடக்கு, அந்தப் பயம் பொய்யில்ல, நானும் இதே ஊர்லதான் குடியிருக்கேன். ஆனா ஆர்டர் போட்டதும் நடக்குறது என்னன்னு ஆபீஸ்ல உக்காந்து பாத்தா தெரியும்.

ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், பீடி சுத்துறவங்க, விரல் நுனியெல்லாம் மஞ்சளடிச்சுக் கிடக்கும். மகனை குண்டாஸ்ல போட்டுட்டாங்கன்னு துணிக்கடைப் பையில ஒரு கட்டு கொண்டு வந்தாங்க. புக்லெட்னு சொல்லுவோம், தடுப்புக் காவல்ல வைக்கும்போது காரணத்தையெல்லாம் காட்டி ஆளுக்குக் கொடுக்குற பேப்பர் கட்டு, தலகாணி கனத்துக்கு இருக்கும். ஒவ்வொரு பக்கமா எச்சில் தொட்டுத் திருப்பிக்கிட்டே வாரோம், நடுவுல ஜெராக்ஸ் கறுப்படிச்சு ஒரு எழுத்து கூட வாசிக்க முடியாம ஏழெட்டுப் பக்கம், ரிமாண்ட் ஆர்டர் இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ்ல மொழிபெயர்ப்பு இல்ல. அந்தப் பையனுக்கு இங்கிலீஷ் தெரியாது. "இதுல என்ன சார் எழுதியிருக்கு, எம்புள்ள என்ன செஞ்சான்னு எழுதியிருக்கு?"ன்னு அந்தக் கறுப்புப் பக்கத்தைக் காட்டிக் கேக்காங்க, நான் என்னத்தைச் சொல்ல. மதுரை பெஞ்சுல ஆட்கொணர்வு மனு போட்டோம், இந்தக் காரணத்துக்காகவே ஆர்டரை ரத்து பண்ணிட்டாங்க. ஆனா ரத்தாகி வர்றதுக்குள்ள மாசக் கணக்கா உள்ள இருந்தாச்சு, பாத்த வேலையும் போச்சு. அந்தப் பையன் தப்பு செஞ்சானா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எந்தக் கோர்ட்டும் தீர விசாரிச்சுச் சொல்லல. தப்பு செஞ்சிருந்தா அவனால பாதிக்கப்பட்டவங்களுக்கும் நியாயம் கிடைக்கல. இதுல யாருக்கு என்ன லாபம்?

யாரோ ஒரு ரவுடியைத்தானேன்னு நாம கை தட்டுற அதே சட்டத்துலதான் நாளைக்கு மணல் லாரியை மறிச்சவனையும் ஆலைக்கு எதிரா கூட்டம் போட்டவனையும் வைப்பாங்க, தமிழ்நாட்டுல போராட்டக்காரங்க மேல அது ஏற்கெனவே பாய்ஞ்சிருக்கு. எமர்ஜென்சியில மிசான்னு இதே மாதிரி ஒரு சட்டத்துல உள்ள போட்டாங்க, 1976-ல சுப்ரீம் கோர்ட்டே ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லன்னு கைகழுவிருச்சு, நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருத்தர்தான் தனியா நின்னாரு. சாத்தான்குளத்துல 2020 ஜூன்ல ஜெயராஜும் பென்னிக்ஸும் செத்ததும் உலகமே பேசுச்சு, நாமளும் பேசினோம், ஏன்னா அவங்க கடைக்காரங்க, நம்மள மாதிரி ஆளுங்க. அதே லாக்கப்புல அதுக்கு முன்னாடி அடி வாங்குனவங்களைப் பத்தி நாம பேசினோமா? எதிரிக்கும் உரிமை கொடுக்கணும்னு நான் சொல்றது இரக்கத்துல கிடையாது. பிஷப்போட ஜெயில்ல விசாரணை இல்லாம கிடந்தவங்க அவருக்கு எதிரிங்க. அவங்களுக்கு ஒரு மனு போடுற வழி இருந்திருந்தா, 1983 அக்டோபர்ல அதே வழி அவருக்கும் இருந்திருக்கும்.

கிரெனடாக்காரங்க இதுல இருந்து என்ன எடுத்துக்கிட்டாங்கன்னு பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கு. கரீபியன் நாடுகளுக்குன்னு சொந்தமா ஒரு கோர்ட்டு 2005-ல வந்தாச்சு, டிரினிடாட்ல இருக்கு, பார்படோஸ், பெலீஸ் எல்லாம் பிரிவி கவுன்சிலை விட்டு அதுக்கு மாறிட்டாங்க. கிரெனடாவுல 2016-லயும் 2018-லயும் வாக்கெடுப்பு வச்சாங்க, ரெண்டு தடவையும் ஜனங்க வேண்டாம்னுட்டாங்க. சின்ன ஊரு, ஜட்ஜும் மந்திரியும் ஒரே ஸ்கூல், ஒரே சர்ச்சு, சொந்தக்காரனா கூட இருப்பாங்க, அதனால தூரத்துக் கோர்ட்டே பரவாயில்லன்னு சொல்றவங்க உண்டு. சொந்தக் கோர்ட்டு வேணும்னுதான் நான் நினைப்பேன், ஆனா அந்த ஜனங்க பட்டதுக்கு அவங்க சந்தேகத்தைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இங்க நாங்களே ஒரு பெரிய ஆள் மேல கேஸுன்னா மதுரைக்குப் போயிரலாம்னுதானே சொல்லுதோம்.

2009-ல ஏர்போர்ட்டுக்கு மாரிஸ் பிஷப் பேரு வச்சாங்க. அக்டோபர் 19-ஐ 2023-ல இருந்து தேசிய வீரர்கள் தினம்னு அரசு லீவாக்கியும் இருக்காங்க. ஆனா செத்தவங்க உடம்பு இன்னும் குடும்பத்துக்குக் கிடைக்கல. அன்னைக்கு ராத்திரி கலிவினி ராணுவ முகாமுக்குக் கொண்டு போய் குழியில போட்டு எரிச்சாங்க, அமெரிக்க ராணுவம் வந்த பிறகு அங்க இருந்து சில எச்சங்களைத் தோண்டி எடுத்து மெடிக்கல் காலேஜ்ல வச்சுப் பாத்தாங்க, பிஷப் உடம்புன்னு எதையும் அடையாளம் காட்டல, அந்த எச்சங்க கடைசியில எங்க போச்சுன்னு தெளிவா ஒரு பதில் வரல. 2001-ல ஆரம்பிச்ச உண்மை அறியும் ஆணையமும் அறிக்கை கொடுத்து முடிச்சுருச்சு. நாற்பது வருஷத்துக்கு மேலா ஒரு புள்ளை தன் அப்பாவை எங்க புதைச்சீங்கன்னு கேக்குறது பெரிய கோரிக்கையே கிடையாது. தோண்டி எடுத்தது அமெரிக்க ராணுவம், அப்போ அந்த ஃபைல் அத்தனையையும் திறந்து காட்ட வேண்டியது அமெரிக்க அரசாங்கம்தான், கேட்டு வாங்க வேண்டியது கிரெனடா அரசாங்கம்தான், எட்டுப் பேர் பேரையும் எழுதிக் கேக்கணும்.